ரேகை தேய்ந்த விரல்கள்



அண்மையில் கல்வராயன் மலைக்குப் போயிருந்தேன். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை விட்டு, பேருந்து முனகிக்கொண்டே வளைவு வளைவாக ஏறும். கரியாலூர், வெள்ளிமலை என்று பெயர்ப் பலகைகள் வரும்போது காற்றில் சூடு தணிந்திருக்கும். அங்கிருந்து இன்னும் உள்ளே தள்ளி இருக்கும் ஒரு சிற்றூரில், ரேஷன் கடை வாசலில் நண்பர் ஒருவருக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். அந்த அரை மணி நேரத்தில் பார்த்ததை இந்த மாதம் உங்களிடம் சொல்லியே ஆக வேண்டும்.

வரிசையில் ஓர் ஆயாவின் முறை வந்தது. எழுபது வயது இருக்கும். ஆள்காட்டி விரலைக் கருவியின் கண்ணாடிமேல் வைத்தார். ஏற்கவில்லை. கட்டை விரலை வைத்தார். அதையும் ஏற்கவில்லை. “தலையில தேச்சிட்டு வையி ஆயா” என்றார் கடைக்காரத் தம்பி. ஆயா விரலைத் தலைமுடியில் தேய்த்து வைத்தார். புடவைத் தலைப்பில் துடைத்து வைத்தார். இடது கைக்கு மாறினார். கருவி அசையவில்லை.

பக்கத்தில் நின்று அந்த விரலைப் பார்த்தேன். நுனி கூழாங்கல்போல வழவழத்திருந்தது. ரேகை ஓட வேண்டிய இடத்தில் குறுக்கும் நெடுக்குமாக வெடிப்புகள். வெடிப்புக்குள் மரவள்ளிப் பால் காய்ந்து கறுத்த கறை. சாமை அறுத்த விரல், புளி நசுக்கிய விரல், கடுக்காய் பொறுக்கிய விரல்.

“வெரலு கெட்டுப்போச்சா சாமி, பொட்டி கெட்டுப்போச்சா?” என்று கேட்டார் ஆயா.

“ரெண்டும் இல்ல ஆயா. ரேக தேஞ்சிபோச்சி.”

அந்தக் கடையில் இனி ஒரே வழிதான். பதிவு செய்த கைபேசிக்கு ஆறு எண் கொண்ட கடவுச்சொல் போகும். அதைச் சொன்னால் கருவி ஏற்கும். அந்தக் கைபேசி பேரனிடம். பேரன் திருப்பூரில் பனியன் கம்பெனியில். கடையின் கருவிக்குக் கூரைமேல் கட்டிய கம்பி வழியாகச் சிக்னல் வந்தது. கைபேசியில் பேச வேண்டுமென்றால் புளியமரத்து மேட்டுக்குத்தான் போக வேண்டும். ஓர் இளைஞர் ஓடினார். பேரனைக் கூப்பிட்டு, அவன் சொன்ன எண்களை ஒவ்வொன்றாக மேட்டிலிருந்து உரக்கச் சொன்னார். “நாலு!” “நாலு!” “ஒம்போது!” “ஒம்போது!” என்று வரிசையில் நின்ற அத்தனை பேரும் எண்ணைக் கைமாற்றிக் கடைக்காரர் காதில் சேர்த்தார்கள். ஆயாவுக்கு அரிசி கிடைத்தது.

ஊரே சேர்ந்து ஒரு கிழவிக்கு அரிசி வாங்கிக் கொடுத்ததைப் பார்த்து மனம் நெகிழ்ந்தது. ஆனால் இறங்கி வரும் வழி முழுவதும் ஒரு கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. ஆயுள் முழுவதும் உழைத்த கையை ‘நீ யார்’ என்று கேட்கிற ஒரு கருவியை நாம் ஏன் செய்தோம்?

இந்த மலையைப் பார்த்துக்கொண்டு வளர்ந்தவன் நான். எங்கள் ஊரிலிருந்து மேற்கே திரும்பினால் நீலமாகத் தெரியும். சந்தை நாளில் மலைக்காரர்கள் தலைச்சுமையாகப் புளி, கடுக்காய், தேன் கொண்டுவருவார்கள். அடிவாரத்தில் ஒரு மண்டியில் அப்பா என்னை உட்காரவைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போவார். அங்கே ஒரு நீள நோட்டும் மை ஒற்றும் பெட்டியும் இருக்கும். முன்பணம் வாங்க வந்தவரின் கட்டை விரலைப் பிடித்து மையில் அழுத்தி, நோட்டில் உருட்டி எடுப்பார்கள். எவ்வளவு எழுதியிருக்கிறது என்று யாரும் வாசித்துக் காட்டி நான் பார்த்ததில்லை; அவர்களும் கேட்டதில்லை. விரலில் ஒட்டிய மையை மண்டிச் சுவரில் துடைத்துவிட்டுப் போவார்கள். சுவர் முழுக்க நீல நீலமாக விரல் தடங்கள். சிறு பையனான எனக்கு அது கோலம்போல அழகாகத் தெரிந்தது. கணக்கு புரிய எனக்குப் பல வருடம் ஆயிற்று.

ரேகையை அடையாளமாக வாங்கும் பழக்கம் நம் நாட்டு மண்ணிலேயே முளைத்தது. 1858இல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய அதிகாரி, சாலை போடப் பொருள் தருவதாக ஒப்பந்தம் செய்துகொண்ட உள்ளூர்க்காரர் ஒருவரின் முழு உள்ளங்கையையும் மையில் தோய்த்து ஒப்பந்தத் தாளின் பின்புறம் பதித்துக்கொண்டார். ‘இது என் கையெழுத்து இல்லை’ என்று பின்னால் அவர் மறுக்கக் கூடாது என்பதற்காக. 1897இல் உலகின் முதல் கைரேகைப் பிரிவு கல்கத்தாவில் தொடங்கப்பட்டது. ரேகைகளை வகைப்படுத்தும் முறையை உருவாக்கியதில் அசிசுல் ஹக், ஹேமசந்திர போஸ் என்ற இரண்டு இந்தியர்களின் உழைப்பு பெரிது; பெயரோ அவர்களின் மேலதிகாரி எட்வர்டு ஹென்றிக்குப் போனது. ஆக, ஆளுகிறவனுக்கு ஆளப்படுகிறவன்மேல் இருந்த சந்தேகத்தில் பிறந்த வித்தை இது.

விடுதலை பெற்ற நாடு அதே ரேகையை வேறொரு நல்ல நோக்கத்துக்காக எடுத்துக்கொண்டது. போலி அட்டை ஒழிய வேண்டும், ஏழையின் பங்கு ஏழைக்கே போய்ச் சேர வேண்டும் என்ற அந்த எண்ணத்தை நான் குறை சொல்ல மாட்டேன். 2010 செப்டம்பர் 29 அன்று மகாராஷ்டிரத்தின் டெம்பிலி என்ற சிற்றூரில் நாட்டின் முதல் ஆதார் எண் கொடுக்கப்பட்டது. வாங்கியவர் ஒரு பழங்குடிப் பெண். மேடையில் முதல் இடம் கொடுத்தோம். கருவிக்கு வரைபடம் போட்ட மேசையிலும் அவர் விரலுக்கு முதல் இடம் கொடுத்திருக்கலாம். மண்வெட்டி பிடித்த கையில் ரேகை மழுங்கும், வயது ஏற ஏறத் தோல் வறண்டு பதிவு மங்கும் என்பது மருத்துவர்கள் என்றோ சொன்ன செய்திதானே?

கல்வராயன் மலையில் பெரும்பாலும் வாழ்கிறவர்கள் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்துக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. மலையை ஆள்கிறவர்கள் என்று பெயருக்குப் பொருள் சொல்கிறார்கள். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது வாய்வழிக் கதை. பேசுவது தமிழ்தான். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி சேர்வராயன், கொல்லி, பச்சைமலை, ஜவ்வாது என எல்லா மலைகளிலும் சேர்த்து ஏறத்தாழ மூன்றரை லட்சம் பேர். தமிழகத்துப் பட்டியல் பழங்குடிகளில் இவர்களே பெருந்தொகை.

நாடு 1947இல் விடுதலை பெற்றது. அதன் பிறகும் இந்த மலை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. கவுண்டர் பட்டம் கொண்ட மூன்று ஜாகீர் குடும்பங்கள் மலையைப் பங்கிட்டு ஆண்டன. 1976 ஜூன் 25 அன்றுதான் இந்தப் பகுதி முழுமையாக அரசின் நிர்வாகத்தின்கீழ் வந்தது என்றும், மக்களுக்கு வாக்குரிமை கிடைத்தது 1996இல்தான் என்றும் சென்னை உயர் நீதிமன்றத்தில் எடுத்துச் சொல்லப்பட்டது. அந்தப் பேச்சு எழுவதற்குக் காரணமாக இருந்த துயரம் உங்களுக்கு நினைவிருக்கும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 65க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். வீட்டுக்கு வீடு பாடை கட்டிய அந்த நாட்களில் நம் ஊர்ப் பெயரைச் சொல்லவே நாக்கு கூசியது. ‘சாராய மலை’ என்று கல்வராயனையும் சேர்த்துப் பேசினார்கள். அப்போது நீதிமன்றம் தானாக முன்வந்து, அந்த மலை மக்களுக்குச் சாலை இருக்கிறதா, பள்ளி இருக்கிறதா, மருத்துவம் இருக்கிறதா என்று கேட்டது. அத்தனை பேர் சாகாமலே கேட்டிருக்க வேண்டிய கேள்விகள்.

நல்லதும் நடந்திருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். 2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. அதற்கு முன்பு ஆட்சியரைப் பார்க்க மலையிலிருந்து இறங்கி, கள்ளக்குறிச்சி வந்து, அங்கிருந்து மேலும் நெடுந்தூரம் பயணப்பட்டு விழுப்புரம் போக வேண்டும். ஒரு மனு கொடுக்க ஒரு நாள் கூலி போகும், ஒரு இரவு பேருந்து நிலையத்தில் கழியும். இன்று வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்டு கல்வராயன்மலை தனி வட்டமாகவே இருக்கிறது. அலுவலகம் மலையேறி வந்ததுபோல, கருவியும் மலையேறி வர வேண்டும் என்பதே என் ஆசை. மலையேறுவது என்றால் பெட்டியைத் தூக்கி மேலே வைப்பது மட்டுமாக இருந்துவிடக் கூடாது. மேலே இருப்பவர் கையைப் பார்த்துச் செய்த பெட்டியாக அது இருக்க வேண்டும்.

அப்படிச் செய்த கருவிகளும் உண்டு. சாமையை எடுத்துக்கொள்ளுங்கள். மணி கடுகைவிடச் சற்றுப் பெரிது. உமி இறுகப் பிடித்திருக்கும். அதை உரலில் இட்டுக் குத்தி, புடைத்து, மறுபடி குத்தி ஒரு வேளைச் சோற்றுக்கு அரிசியாக்க ஒரு பெண்ணின் அரை நாள் போய்விடும். உள்ளங்கை கொப்புளிக்கும். ரேஷன் அரிசி வந்ததும் வீட்டுக்கு வீடு சாமைச் சோறு குறைந்ததற்கு நாக்கின் ருசி மட்டும் காரணமில்லை, உலக்கையும் ஒரு காரணம். உமி நீக்கும் சிறு இயந்திரம் மலைக்குள் வந்த ஊர்களில் சாமையும் தினையும் மெல்ல அடுப்புக்குத் திரும்புகின்றன. 2023ஐ உலகச் சிறுதானிய ஆண்டு என்று ஐ.நா. அறிவித்தது. அந்த அறிவிப்பைவிட அந்த இயந்திரத்தின் சத்தம் மலைப் பெண்களுக்கு இனிமையாகக் கேட்டிருக்கும். கருவி ஒரு பண்பாட்டை அழிக்கத்தான் செய்யும் என்று சொல்கிறவர்களிடம் நான் சாமைச் சோற்றைக் காட்டுவேன்.

இன்னொரு கருவியையும் காட்ட வேண்டும். மலையில் இப்போது பணப்பயிர் மரவள்ளி. கிழங்கு லாரி ஏறிச் சின்னசேலம், ஆத்தூர், சேலம் பக்கத்துச் சேகோ ஆலைகளுக்குப் போகும். அங்கே எடை பார்த்தால் மட்டும் போதாது. கிழங்கில் மாவுச்சத்து எவ்வளவு என்று அளந்து, ‘பாயின்ட்’ கணக்கில் விலை போடுவார்கள். பாயின்ட் குறைந்தால் ஒரு வருட உழைப்பின் விலை அந்த இடத்திலேயே இறங்கிவிடும். பாயின்ட் பார்க்கும் தராசு வாங்குகிறவர் பக்கம் இருக்கிறது. விளைவித்தவர் மலையில் இருக்கிறார். தராசு பொய் சொல்வதாக நான் சொல்லவில்லை. முள் எங்கே நின்றது என்று பார்க்க விளைவித்தவருக்கும் ஒரு இடம் வேண்டும். மலையிலேயே ஒரு தராசு இருந்து, லாரி ஏற்றும் முன்பே பாயின்ட் தெரிந்துவிட்டால், பேரம் பேசும் குரலுக்கே ஒரு தெம்பு வந்துவிடும்.

கருவி உழைப்பவரின் இடத்தைப் பார்க்காமல் போவதை நூறு நாள் வேலையிலும் பார்த்தோம். 2023 ஜனவரி முதல் வேலைக்கு வந்தவர்களை ஒரு நாளைக்கு இரண்டு முறை கைபேசிச் செயலியில் படம் எடுத்துப் பதிவேற்றுவது கட்டாயமானது. முறைகேட்டைத் தடுக்கச் செய்த ஏற்பாடு. சிக்னல் இல்லாத சரிவில் நாள் முழுதும் கல் பொறுக்கியவருக்கு, வேலைக்கு வந்தேன் என்று காட்டுவதே இன்னொரு வேலையாகிப் போனது.

இதற்கெல்லாம் மாற்று நம்மிடமே இருந்திருக்கிறது. 1951-52இல் முதல் பொதுத்தேர்தல் நடந்தபோது, வாக்காளர்களில் மிகப் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ‘படித்துவிட்டு வந்து ஓட்டுப் போடு’ என்று நாடு சொல்லவில்லை. சின்னம் வைத்தது. எழுத்தறியாத ஒருவரை மனத்தில் வைத்துச் செய்த அந்த ஏற்பாட்டைத்தான் இன்று பேராசிரியர்களும் பயன்படுத்துகிறார்கள். வாக்குச்சாவடிக்குள் போனால் எல்லோர் கண்ணும் சின்னத்தைத்தான் தேடுகிறது. விரலில் வைக்கும் அழியாத மையும் அப்படித்தான். ரேகை இருக்கிறதா என்று அது கேட்பதில்லை. விரல் இருந்தால் போதும். கடைசியில் நிற்கிறவருக்காகச் செய்தது எல்லோருக்கும் பொருந்தும் என்று இந்த நாடு ஒருமுறை செய்து காட்டிவிட்டது. மறுபடியும் செய்ய முடியும். ரேஷன் கடைகளிலேயே இப்போது கருவிழியைப் பார்த்து ஏற்கும் கருவி வரத் தொடங்கியிருக்கிறதே, அதுவும் தேய்ந்த விரல்களின் முறையீட்டால் வந்த திருத்தம்தான்.

மலையிலிருந்து இறங்கியவன், கள்ளக்குறிச்சியில் மரச் சிற்பப் பட்டறை வைத்திருக்கும் ஒருவரைப் பார்க்கப் போனேன். நம் ஊர் மரச் சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது உங்களுக்குத் தெரியும். வாகைப் பலகையில் ஒரு பிள்ளையார் பாதி எழுந்திருந்தார். கொட்டாப்புளியால் உளியை மெல்லத் தட்டிக்கொண்டே பேசினார். கணினியில் படத்தை ஏற்றினால் தானே குடைந்து தள்ளும் சி.என்.சி. இயந்திரம் வந்துவிட்டதே, பிழைப்பு எப்படி என்று கேட்டேன்.

“வரட்டுங்க. கதவு, நிலை, கட்டில் எல்லாம் அது செய்யட்டும். எங்களுக்கும் முதுகு ஒடியாது” என்றவர், பலகையை என் பக்கம் சாய்த்தார். “இங்க பாருங்க. ரேக இப்படி வந்து இங்க சுழியுது. மிஷினு அதுபாட்டுக்கு நேரா போயிடும். நான் இந்தச் சுழிய வயித்துக்கு வச்சிக்கிட்டேன்.”

பார்த்தேன். மரத்தின் சுழி அப்படியே பிள்ளையாரின் தொந்தியில் வட்டமிட்டிருந்தது. மரத்துக்கும் ரேகை உண்டு என்பதையே அப்போதுதான் யோசித்தேன். அவர் பெருவிரலை ரேகைமேல் ஓட்டிக் காட்டியபோது, அந்த விரலும் உளிப் பிடியில் தேய்ந்து மழமழத்துக் கிடந்தது. மரத்தின் ரேகையைப் படிக்கத் தெரிந்த விரல் அது. அதன் ரேகையை ஒரு கருவி படிக்குமா தெரியாது.

இயந்திரம் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். எந்த வேலையை அதற்குக் கொடுப்பது, எதைத் தன் கையில் வைத்துக்கொள்வது என்பதை அவரே முடிவு செய்கிறார். அந்த முடிவு அவர் கையில் இருக்கும்வரை தொழில் பிழைக்கும். பழங்குடிப் பெண்ணுக்கும், நெசவாளிக்கும், கரும்பு வெட்டுகிறவருக்கும் அந்த உரிமை வேண்டும். தொழில்நுட்பம் பற்றி நான் கேட்பது இவ்வளவுதான்.

இப்போது எங்கே பார்த்தாலும் செயற்கை நுண்ணறிவு என்றே பேச்சு. நாம் எழுதியதையும் பேசியதையும் படித்துத்தான் அது தமிழ் கற்கிறது. அப்படியென்றால் எழுத்தில் ஏறாத தமிழ் என்னாகும்? சாமையில் எத்தனை வகை, எந்த மழைக்கு எந்த விதை, குழந்தைக்கு மாந்தம் என்றால் எந்த இலை, நடவில் என்ன பாட்டு என்று மலை ஆயாக்களுக்குத் தெரிந்ததெல்லாம் அவர்கள் நாக்கில் இருக்கிறது, தாளில் இல்லை. விரல் ரேகை பதியாமல் போனதுபோல, நாளைய இயந்திரத்தில் அவர்கள் குரலும் பதியாமல் போய்விடக் கூடாது. அந்தக் குரலை எடுத்துக்கொண்டு, பேசியவருக்குச் சொல்லாமல் விற்கவும் கூடாது. மண்டி நோட்டில் உருட்டிய கட்டை விரல் எனக்கு மறக்கவில்லை. ஒருவரிடமிருந்து எதைப் பதிவு செய்தாலும், என்ன எழுதினோம் என்று அவருக்கு வாசித்துக் காட்டுவதுதான் நேர்மை.

நம்பிக்கைக்கும் குறைவில்லை. 2024இல் மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்த இளம்பெண் ஒருவர் சிவில் நீதிபதித் தேர்வில் வென்றார். அதே ஆண்டு பச்சைமலை மாணவி ஒருவர் திருச்சி என்.ஐ.டி.க்குள் நுழைந்தார். 2025இல் கல்வராயன் மலையில் அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் படித்த மாணவி சென்னை ஐ.ஐ.டி.யில் இடம்பிடித்தார். கருவிகளை வடிவமைக்கும் மேசைக்கு இந்தப் பிள்ளைகள் போய்விட்டால், விரல் தேய்ந்த ஒரு ஆயா இருக்கிறார் என்பதை யாரும் அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்காது.

அதுவரை நாமும் சும்மா இருக்க வேண்டாம். உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெரியவர்களின், அக்கம்பக்கத்து உழைப்பாளிகளின் நாவில் மட்டும் இருக்கும் பத்துச் சொற்களை, அவர்கள் அனுமதியோடு எழுதி எங்களுக்கு அனுப்புங்கள். விதையின் பெயர், கருவியின் பெயர், மழையின் பெயர் எதுவானாலும் சரி. எழுதி முடித்ததும் அவர்களுக்கு ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். வருகிற இதழ்களில், சொன்னவர் விரும்பினால் அவர் பெயரோடு, வெளியிடுகிறோம்.

ரேஷன் கடை வாசலில் நடந்ததில் ஒன்றை உங்களுக்கு இன்னும் சொல்லவில்லை. அரிசி மூட்டையைப் பக்கத்து வீட்டுப் பையன் வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான். கருவியிலிருந்து வந்த ரசீதைக் கடைக்காரர் ஆயாவிடம் நீட்டினார். ஆயா அதைச் சுருட்டி இடுப்பில் செருகப் போனார். கூடவே நின்றிருந்த எட்டு வயதுக் கொள்ளுப்பேத்தி அதைப் பிடுங்கி, எழுத்துக் கூட்டி உரக்க வாசித்தாள்.

“அரிசி முப்பத்தஞ்சு கிலோ. பருப்பு ஒரு கிலோ. பாமாயில் ஒண்ணு. சரியா இருக்கா ஆயா?”

ஆயா மூட்டையைப் பார்த்தார், பையைப் பார்த்தார், தேய்ந்த விரலால் எண்ணெய்ப் பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தார்.

“சரியா இருக்குது கண்ணு” என்றார்.

அன்புடன்,
ஆசிரியர்